ரம் இல்லாத ஆப்பிள் ரொட்டி

டிசம்பர் பிறந்துவிட்டால் சாந்தோமிலிருந்தும் அடையாறிலிருந்தும் கேக் துண்டுகள் நம் வாசலுக்கு வந்து சேர்கின்றன. அன்போடு நீட்டப்படும் தட்டை வாங்குவதா, மறுப்பதா என்று நம் வீட்டுப் பெண்கள் திகைக்கிறார்கள். அடுப்பில் வெந்துவிட்டால் மது ஆவியாகிவிடும் என்று சமாதானம் சொல்வோர் நம்மிலேயே உண்டு. அது சரியன்று. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, கலவையில் சேர்த்த மது அரைமணி நேரம் வெந்த பின்னும் 35 சதவீதம், ஒரு மணி நேரத்திற்குப் பின்னும் 25 சதவீதம் எஞ்சுகிறது. அதிகம் அருந்தினால் போதை தருவதில் சிறிதளவும் கூடாது என்னும் நபிமொழியை ஏற்ற நமக்கு இந்தக் கணக்கே தேவையில்லை.

ஆயினும் மறுப்பதோடு நின்றுவிடுவது நமக்கு உடன்பாடன்று. நாமே சுட்டுக் கொடுக்கலாமே!

ஜெர்மனியரின் வீடுகளில் 'ஆப்ஃபெல்ப்ரோட்' என்றொரு பழக் கேக் உண்டு. ஆப்பிள் ரொட்டி என்பது பொருள். துருவிய ஆப்பிள் முக்கால் கிலோவைச் சர்க்கரை, உலர்திராட்சை, பாதாம் ஆகியவற்றோடு இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் அரைக்கிலோ மைதா, பேக்கிங் பவுடர், கோகோ, பட்டை, கிராம்புத் தூள் சேர்த்து, 180 டிகிரியில் ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் சுடுவார்கள். பழச்சாறே மாவை நனைத்துவிடும். முட்டையும் வெண்ணெயும் சேர்க்காமலே பலர் செய்வார்கள். ரம் மட்டும் இரண்டொரு கரண்டி விடுவதுண்டு. அதற்கு ஈடாக நமக்கு ஆரஞ்சுச் சாறு போதும்.

ஊறவைப்பது நமக்குப் புதிதன்று. நபி (ஸல்) அவர்களுக்காக உலர்திராட்சை நீரில் ஊறவைக்கப்பட்டது. மூன்றாம் நாள் மாலைக்கு மேல் அதை அவர்கள் அருந்துவதில்லை. அந்தப் பேணுதல் சென்னையின் வெக்கைக்கு இன்னும் பொருந்தும். ஜெர்மனியின் குளிரில் வெளியே வைக்கும் கலவை இங்கே விடிவதற்குள் நுரைக்கத் தொடங்கிவிடும்; குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். தி. நகரில் வாங்கும் காஷ்மீர் ஆப்பிள் இனிப்பு மிகுந்தது, அவர்கள் விரும்பும் போஸ்கோப் வகையோ புளிப்பானது. ஆகவே சர்க்கரையை 150 கிராமோடு நிறுத்தி, ஓர் எலுமிச்சையைப் பிழிந்துவிடுகிறோம். வெனிலா எசன்ஸ் சேர்ப்பவர்கள் புட்டியின் சீட்டைப் படித்துவிட்டுச் சேர்க்கட்டும்.

பிற சமயத்தாரின் பண்டிகைப் பண்டமாயிற்றே என்று தயங்குவோர், காஷ்மீர் ஆப்பிள் மலியும் ஐப்பசியிலேயே சுடலாம்.

மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டி வாழும் சைவ உணவுக்காரர்களை நினைத்துப் பாருங்கள். முட்டை கலந்த கேக்கை நாம் நீட்டினால், ரம் கலந்த கேக்கின் முன் நாம் நிற்பதுபோலவே அவர்களும் நிற்பார்கள். நம் தட்டு யாரையும் அந்நிலையில் வைக்கலாகாது. குழம்பில் நீரைக் கூட்டியாவது அண்டைவீட்டாருக்குக் கொடுக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அறிவுறுத்தவில்லையா?

இந்த ரொட்டிக்குச் சுட்ட மறுநாள்தான் சுவை கூடுகிறது. அன்று நறுக்கி, இதில் முட்டையும் இல்லை, மதுவும் இல்லை என்று சொல்லியே கொடுக்கிறோம்.