போர்டிங்கைப் பூட்டிய பேராயர் ஐயாவுக்கு

பெருமதிப்பிற்குரிய பேராயர் ஐயா அவர்களுக்கு,

இதே விஷயம் உங்கள் மேசைக்கு ஏற்கெனவே பதிவுத் தபாலில் வந்திருக்கிறது. சபை குரு கையில் கொடுத்தனுப்பியும் பார்த்தேன். லே செயலரைப் பார்க்கப் போய், அலுவலக வராந்தாவில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அவர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார் என்று பியூன் சொன்ன பிறகு எழுந்து வந்தேன். கடைசியில் கிடைத்த பதில் ஒரு வாட்ஸ்அப் செய்தி. என் பாரத்தை ஜெபத்தில் வைத்திருக்கிறீர்களாம். சந்தோஷம். ஜெபம் நடக்கட்டும், நான் ஊரறிய எழுதிவிடுகிறேன்.

திருமண்டலத்தின் பெயரை இங்கே போடவில்லை. போட்டால் மற்ற திருமண்டலத்தார் ‘நல்ல வேளை, நாம் இல்லை’ என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். உங்களைத்தான் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

விடுதிகளுக்கு 2014-இல் வந்த சட்டம், சிறாருக்கு 2015-இல் வந்த சட்டம், ஒரு பிள்ளையை விடுதியிலிருந்து அனுப்புவதற்கு முன் யாருக்கு எழுத வேண்டும், யாரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. திருமண்டலத் தேர்தல் வழக்குகளில் வருஷக்கணக்கில் வாய்தா வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் உங்களைச் சுற்றி இருக்கிறார்கள். நான் ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர் வேண்டாம். போர்டிங் ரிஜிஸ்டரில் இருக்கிறது, அதை எந்தப் பரணில் தூக்கிப் போட்டார்களோ அங்கே தேடச் சொல்லுங்கள்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள். பொங்கல் கழிந்ததும் முன்பணம் வாங்கிய சூளைக்குக் குடும்பத்தோடு போனால், மழைக்காலம் நெருங்கும்போதுதான் ஊர் திரும்புவார்கள். பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கக் கூடாது என்றுதான் ஆறாம் வகுப்பில் நம் போர்டிங்கில் கொண்டுவந்து விட்டார்கள். சேர்ந்த வருஷமே தொண்டை வலி வந்தது, பிறகு காய்ச்சல், பிறகு முட்டி வீங்கி மாடிப்படி ஏற முடியாமல் போனது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். ருமாட்டிக் காய்ச்சல். முட்டி வீக்கம் தானாக வடிந்துவிடும், ஆனால் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் இதய வால்வைக் கெடுத்துவிடும் என்றார். இனி வராமல் தடுக்க ஒரு பழைய, மலிவான மருந்து இருக்கிறது: மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி. வருஷக்கணக்கில் போட வேண்டும், ஒன்றைக்கூடத் தவற விடக் கூடாது.

அது கெட்டியான மருந்து. இடுப்பில் போட்டால் அன்று முழுக்கப் பிள்ளை நொண்டி நொண்டித்தான் நடப்பாள். மேட்ரன் அம்மா சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு காலண்டர் மாட்டி, ஊசி நாளுக்கெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தார். அந்த நாளில் காலையிலேயே அவளை எழுப்பி, வெறும் வயிற்றோடு அனுப்பாமல் இரண்டு இட்லி தின்ன வைத்து, ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிப் போவார். திரும்பி வந்ததும் வெந்நீர் ஒத்தடம். அசனப் பண்டிகை நாளில் வட்டம் விழுந்தால் அசனம் பிறகுதான், ஊசி முதலில். இப்படி ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வகுப்புத் தாண்டினாள், ஒன்பதிலும் பாதி தாண்டினாள். ஒரு வட்டமும் தப்பவில்லை. அந்த மேட்ரனுக்கு நீங்கள் கொடுத்த சம்பளத்தை இங்கே எழுதினால் வெட்கம் உங்களுக்குத்தான். அதனால் எழுதவில்லை.

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனார்கள். பண்டிகை வாரத்திலேயே பெற்றோர்களுக்குச் செய்தி வந்தது: நிர்வாகக் காரணங்களால் விடுதி மூடப்படுகிறது, பிள்ளைகளின் சாமான்களை எடுத்துக்கொள்ளவும். மேட்ரனுக்கும் அதே செய்திதான், ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. சத்திரத்தில் இடமில்லை என்று சொன்னவன்கூட எங்கேயோ ஒரு கொட்டிலைக் காட்டிவிட்டிருக்கிறான், பிஷப் ஐயா. நீங்கள் அதையும் காட்டவில்லை.

செய்தி வந்த போன் சூளை மேஸ்திரியுடையது. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஜனவரியில் பிள்ளை சூளைக்குப் போனாள். கல் அறுக்கிற களத்தில் தம்பியைப் பார்த்துக்கொண்டாள், சோறு பொங்கினாள், காய்ந்த கல்லைத் திருப்பிப் போட்டாள். ஜனவரி ஊசி போடவில்லை, பிப்ரவரி ஊசியும் போடவில்லை. அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். மேஸ்திரி லீவு தரவில்லை, டவுனுக்குப் பஸ்ஸும் இல்லை. மார்ச்சில் காய்ச்சல் வந்தது, முட்டி வீங்கியது, ராத்திரி படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்துகொண்டே தூங்கியிருக்கிறாள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, வால்வு முன்பைவிட மோசமாகிவிட்டது, பின்னால் ஆபரேஷன் தேவைப்படலாம் என்று சொல்லிவிட்டார்கள். முழு ஆண்டுப் பரீட்சை அவள் எழுதவில்லை.

இதை உங்கள் லே செயலரிடம் ஒரு வழியாகப் பிடித்துச் சொன்னேன். “அந்த ஊசி கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலும் இலவசமாகக் கிடைக்குமே, டீச்சர்” என்றார். கிடைக்கும். மருந்துக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. இன்றைக்கு அந்தப் பிள்ளையின் நாள் என்று நினைவு வைத்துக்கொண்டு எழுப்புகிறதற்கு ஒரு ஆள் வேண்டும். போர்டிங் என்று நாம் வைத்திருந்தது அதைத்தான். கட்டிலும் பாத்திரமும் யார் வேண்டுமானாலும் வாங்கிப் போடலாம்.

வெளிநாட்டுப் பணம் நின்றுவிட்டது என்கிறீர்கள். அதில் பாதி உண்மை. ஒரு அமைப்பு வாங்கும் வெளிநாட்டு நன்கொடையை இன்னொன்றுக்குக் கைமாற்றக் கூடாது என்று 2020-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதனால் திண்டாடிய விடுதிகள் எனக்கும் தெரியும், அதற்கு உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானே ஜெர்மன் காசில் வளர்ந்தவள். டூயிஸ்பர்க் நகரத்தில் 1959-இல் சில கிறிஸ்தவர்கள் சேர்ந்து, இந்தியாவில் ஐந்து பிள்ளைகளுக்குச் சாப்பாடும் படிப்பும் கொடுக்க ஆரம்பித்த கிண்டர்நோட்ஹில்ஃபே என்ற உதவி, பின்னாளில் எங்கள் போர்டிங் வரைக்கும் வந்தது. கிறிஸ்துமஸுக்கு ஸ்பான்சருக்குக் கடிதம் எழுதச் சொல்வார்கள், ஒரு வாழைமரமும் ஒரு கோயிலும் வரைந்து அனுப்புவேன். அவர்கள் என்றைக்காவது நிறுத்துவார்கள் என்பது வார்டனுக்கு அன்றைக்கே தெரியும். தன் சபைப் பிள்ளைக்குச் சபையே சோறு போடுகிற நாள் வர வேண்டாமா என்பார்.

சபை அப்படிச் சோறு போட்டும் காட்டியிருக்கிறது. ஜெர்மன் காசு வருவதற்கு வெகு காலம் முன்பே இந்தப் பக்கத்துப் பெண்கள் உலை வைக்கிறபோதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி, வாரக் கடைசியில் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய 1876-இல் நம் பக்கத்து நாசரேத்துக்கு வந்தார் மிஷனரி மர்காஷிஸ் ஐயர். பஞ்சத்தில் தாய் தகப்பன் செத்துப்போன பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்குச் சோறு போட்டதோடு நிறுத்தாமல் 1878-இல் தொழிற்பள்ளியும் தொடங்கி, தச்சும் தையலும் கற்றுக்கொடுத்தார். அவரே வைத்தியமும் பார்த்தார். 1908-இல் அதே ஊரில் கண்ணை மூடினார். நீங்கள் ஆண்டுதோறும் மிஷனரி ஞாயிறு பிரசங்கத்தில் அவரைக் கொண்டாடுகிறீர்கள், நானும் கேட்டிருக்கிறேன், குரல் தழுதழுக்கத்தான் பேசுகிறீர்கள். பஞ்சத்தின் நடுவில் அவர் பிள்ளைகளைச் சேர்த்தார். பஞ்சம் இல்லாத காலத்தில் நீங்கள் அனுப்பிவிட்டீர்கள். நிர்வாகக் காரணம்!

அந்தக் காரணம் என்னவென்று மே மாதம் தெரிந்தது. போர்டிங்குக்குப் பெயிண்ட் அடித்து, சுவரை இடித்து அறைகளைப் பெரிதாக்கி, ஏசி மாட்டி, ‘தியான மையம்’ என்று போர்டு வைத்துவிட்டீர்கள். தியானம் எப்படிப்பட்டது என்று பக்கத்து டீக்கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். பெருமன்றத் தேர்தலுக்கு முந்தின வாரம் உங்கள் அணியின் உறுப்பினர்கள் எல்லாரும் அங்கேதான் தங்கியிருந்தார்கள், வாசலில் பிரியாணி வண்டி நின்றது. அதே நாட்களில் பிள்ளைகளின் ட்ரங்குப் பெட்டிகள் பின்பக்கத் தாழ்வாரத்தில் மழைச்சாரலில் கிடந்தன. அவளுடைய பெட்டியை நானே திறந்து பார்த்தேன். ஒரு யூனிபார்ம், அறிவியல் புத்தகம், ஊசி போட்ட தேதிகளுக்கெல்லாம் நேரே நர்ஸ் கையெழுத்துப் போட்ட ஒரு அரை சைஸ் நோட்டு. கடைசிக் கையெழுத்து டிசம்பர் மாதத்தது. அந்த நோட்டு கையில் இருந்திருந்தாலாவது, சூளைக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு நர்ஸிடம் காட்டியிருப்பாள்.

வாசலில் கறுப்புக் கல் பதித்திருக்கிறீர்கள். உங்கள் பெயர், உங்கள் துணைவியார் பெயர், லே செயலர், பொருளாளர், கட்டடக் கமிட்டி. சாராள் தக்கர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எழுந்து நடக்க முடியாத ஒரு இங்கிலாந்துப் பெண், இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர். நெல்லைச் சீமைப் பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காக அங்கே இருந்தபடியே பாடுபட்டார். பாளையங்கோட்டையில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. ஒரு திறப்பு விழாவுக்கும் அவர் வரவில்லை, ரிப்பனும் வெட்டவில்லை.

இனி என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். போர்டிங்கைத் திறங்கள் என்று எழுதலாம். கமிட்டி போடுவீர்கள், கமிட்டிக்குத் தலைவர் யார் என்று இரண்டு அணிக்கும் சண்டை வரும், அதற்கு ஒரு வழக்கு, வழக்குக்கு வக்கீல் ஃபீஸ் பிள்ளைகளின் நிதியிலிருந்து. வேண்டாம். கல்லை எடுங்கள் என்றும் கேட்கவில்லை, இருக்கட்டும், பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும். சிறு பிள்ளைகளுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றியும் ஏந்திரக்கல்லைப் பற்றியும் நம் ஆண்டவர் சொன்னதை உங்களுக்கு நான் எடுத்து வாசிக்கப் போவதில்லை. கிரேக்க மொழியிலேயே படித்தவர் நீங்கள். மற்றப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவரை அனுப்பி வீடு வீடாகக் கேட்டு வரச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். அதைக்கூட நீங்கள் செய்வீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கவில்லை. கேட்டதாக ஒரு பதிவு இருக்கட்டும்.

அவள் இப்போது பாட்டி வீட்டில் இருக்கிறாள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறிப் போய் அவளை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவது யார் தெரியுமா? நீங்கள் வேலையை விட்டு அனுப்பிய அதே மேட்ரன் அம்மா. சொந்தக் காசில். இப்போது அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, நடக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை ஊசி. திருமண்டல அலுவலக வாசலில் நிற்கிற கார்களில் ஒன்று அன்று காலை எட்டு மணிக்கு அவள் பாட்டி ஊர்க் கோயில் முன்னால் வந்து நிற்குமா, நிற்காதா? வியாழக்கிழமைக்குள் சபை குருவிடம் சொல்லி அனுப்புங்கள். டிரைவருக்கு வழி தெரியாவிட்டால் என் வீட்டு முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள், நானும் ஏறிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
போர்டிங்கில் வளர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை