மீனுக்கு முன்னாடி தண்ணி

போன வருஷம் மே மாசம். லீவுக்கு வந்திருந்த தம்பி மகள் ஆசையா கேட்டாளேன்னு டவுனுக்குப் போனேன். தொட்டி, மோட்டார், கலர் கல்லு, 10 நியான் டெட்ரா மீன் எல்லாத்தையும் ஒரே நேரத்தில் கட்டிக் கொடுத்தார் கடைக்காரர். சாயங்காலமே நம்ம போர் தண்ணியை ஊத்தி மீனை விட்டாச்சு. மூணாம் நாள் ரெண்டு மிதந்தது. வாரம் முடியறதுக்குள்ள ஒண்ணுகூட மிச்சமில்லை. பிள்ளை சாப்பிடாம உக்காந்திருந்தா. கடைக்குப் போன் பண்ணினா, "20 ரூபா மீன்தானே சார், வேற வாங்கிக்கோங்க" என்றார்.

அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துது. உங்க ஊர் அப்பார்ட்மென்ட் வீடுகளிலும் இதே கதைதான் நடக்குதுன்னு கேள்விப்படறேன். சாகும், வேற வரும். மீனோட ஆயுசே அவ்வளவுதான்னு நினைச்சுக்கறோம். நல்லபடியா வெச்சா நியான் மூணு நாலு வருஷம் இருக்கும்.

விவசாயம் பண்றவனுக்கு இது முன்னாடியே புரிஞ்சிருக்கணும். பச்சைச் சாணியை யாரும் நேரா வேரில் போட மாட்டோம், செடி கருகிடும். மக்க விட்டுத்தான் போடுவோம். மீன் கழிவும் அப்படித்தான். அதில் வர்ற அம்மோனியா செவுளை அரிக்கும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும். அது ஓரளவு இருந்தா பாதகமில்லை, செடி எடுத்துக்கும். வயலுக்கு யூரியா போட்டா மண்ணுக்குள்ள நடக்கிறதும் இதே வேலைதான். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற 4 வாரம், சமயத்தில் அதுக்கு மேலயும் ஆகும். நான் கொடுத்தது 4 மணி நேரம்.

தண்ணியும் தப்பு. நியானுக்குப் பூர்வீகம் பெரு, கொலம்பியா, பிரேசில் பக்கத்து அமேசான் ஓடைகள். இலை தழை ஊறி டிகாஷன் நிறத்தில் ஓடுற, உப்பு இல்லாத தண்ணி. எங்க போர் தண்ணியில் துவரம்பருப்பே வேகாது. கடையில் விக்கிறது பெரும்பாலும் பண்ணையில் பொரிச்சது, கொஞ்சம் தாங்கும்தான். ஆனா இதையா?

ஐப்பசி மழையில் மாடித் தண்ணியைப் பிடிச்சேன். மூணு பங்குக்கு ஒரு பங்கு போர் தண்ணி கலந்து, வேலம்பாசி போட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி தூவினேன். "மீனே இல்லாத தொட்டிக்குத் தீனி போடற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்"னு வீட்டுக்காரி சிரிச்சா. பொங்கல் கழிச்சுத்தான் 8 நியான் வாங்கினேன். ரெண்டு மூணா விட்டா மூலையில் பதுங்கும், கூட்டமா இருந்தாத்தான் தைரியமா நீந்தும். கூட ஏஞ்சல் விடச் சொன்னாங்க, வேண்டாம்னுட்டேன். வளர்ந்த ஏஞ்சல் நியானை முழுங்கிடும்.

என்னைக் கேட்டா, தொட்டி விக்கிற அன்னைக்கு மீன் விக்கவே கூடாது. வாங்கறவங்களும் வாராவாரம் மொத்தத் தண்ணியையும் கொட்டிக் கழுவுறதை நிறுத்தணும். கால்வாசி மாத்தினாப் போதும். பஞ்சை குளோரின் கலந்த குழாய்த் தண்ணியில் அலசினா குடியேறினதெல்லாம் செத்துடும். தொட்டியில் இருந்து எடுத்த தண்ணியிலேயே அலசுங்க.

இந்த லீவுக்கு வந்தவ, விடியக்காலையில் லைட் போடறதுக்கு முன்னாடி தொட்டியைப் பார்த்துட்டு, "பெரியப்பா, எல்லாம் வெளுத்துப்போச்சு, சாகப்போகுது"ன்னு ஓடி வந்தா. இருட்டில் நியானோட நிறம் மங்கிடும். லைட்டைப் போட்டு, கொஞ்ச நேரம் பொறு கண்ணுன்னு பக்கத்தில் உக்கார வெச்சேன். நீலம் மெல்ல ஏறுச்சு. விரல் விட்டு எண்ணினா. எட்டும் இருந்தது.