கேமராவுக்கும் ஒரு மூக்குக்கண்ணாடி

என் அக்கா பேசியதை நாற்பது நிமிடம் படம் பிடித்தேன். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை ஒப்படைத்தபோது எனக்கு மூன்று வயது, ஒன்றும் நினைவில்லை. அக்காவுக்குப் பதின்மூன்று. அன்று எங்கள் தெரு எப்படி இருந்தது, அப்பா என்ன சொன்னார், அம்மா வழி உறவில் யார் யார் கப்பலேறிப் போனார்கள் என்று எல்லாம் வரிசையாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், அக்காவின் முகம் ஈரத்துணியால் துடைத்தது போல மங்கல். பின்னால் சுவரில் தொங்கிய காலண்டர் மட்டும் பளிச்சென்று இருந்தது. ராகு காலம், எமகண்டம் கூடப் படிக்க முடிந்தது! இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அடுத்த மாதமே அக்கா போய்விட்டார். இப்போது என்னிடம் குரல் இருக்கிறது, முகம் இல்லை.

தப்பு கேமராவினுடையது அல்ல. அதன் முதுகில் உள்ள திரை மூன்று அங்குலம்தான். புரை அறுவை செய்த கண்ணோடு, படிக்கிற கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டு அதைப் பார்த்தால் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். சின்னப் படத்தில் மங்கல் ஒளிந்துகொள்கிறது.

அதன்பிறகு பேரன் சொல்லி, கேமராவின் தலையில் பொருத்தும் ஐந்தரை அங்குல மானிட்டர் ஒன்று வாங்கினேன். கல்யாண வீட்டு வீடியோக்காரர்கள் வைத்திருப்பார்களே, அதேதான். "இந்த வயசில் இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்ட நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த வயதில்தான் வேண்டும். இளைஞனுக்கு அது வசதி, நமக்கு அது மூக்குக்கண்ணாடி. மொபைலில் எடுப்பவர்களுக்கு இது அவசியமில்லை. அதில் பெரும்பாலும் எல்லாம் தெளிவாகவே விழும். கேமராவில் எடுப்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'மொனித்தேர்' என்றால் பயிற்சி கொடுப்பவர். அதற்கு மூலமான லத்தீன் சொல்லுக்கு எச்சரிப்பவர் என்று பொருள். அந்தப் பெயருக்கு இந்தப் பெட்டி ஏற்றதுதான். எது கூர்மையாக விழுகிறதோ அதன் ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும், பீக்கிங் என்கிறார்கள். வெளிச்சம் மிஞ்சிய இடத்தில் வரிக்குதிரைக் கோடுகள் ஓடும். வெள்ளை வேட்டி சட்டைக்காரர்களைத் திண்ணையில் உட்கார வைத்து எடுக்கும் நம் ஊருக்கு இது ஒன்றே போதும்.

ஆனால் சிவப்புக் கோட்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஜரிகைக் கரை, கட்டம் போட்ட சேலை என்றால் கோடு அங்கேதான் அள்ளிக்கொண்டு விழும். கண்ணில் விழுந்ததா என்பது தெரியாது. அதனால் படத்தைப் பெரிதாக்கி, பேசுகிறவரின் கண் இமையைப் பார்க்கிறேன். ஆபீசில் தட்டச்சான கடிதத்தை அசலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் சுருக்கொப்பம் போடுவோம். அதே வேலைதான் இதுவும்.

தொல்லைகளும் உண்டு. முற்றத்து வெயிலில் என் மானிட்டர் கறுப்புக் கண்ணாடி போல் ஆகிவிடும். கறுப்பு அட்டையை வெட்டி நானே ஒரு குடை செய்திருக்கிறேன். கேமராவில் கேபிள் செருகும் மைக்ரோ எச்.டி.எம்.ஐ துளை மிக மெல்லியது. கேபிள் இழுபட்டால் துளை ஆடிப்போகும். நாடாவால் கட்டிவிடுவது நல்லது. மானிட்டருக்குத் தனி பேட்டரி, அதற்குத் தனி சார்ஜர் வேறு. மேஜை முழுக்க ஒயர் என்று வீட்டம்மா முணுமுணுப்பது நியாயம்தான்.

இதையெல்லாம் விடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. அது என்னுடையது. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா ஒருவரைப் படம் பிடித்தேன். படம் அவ்வளவு துல்லியம். பத்தாவது நிமிடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, "என்னப்பா, நான் உன்கிட்ட பேசுறேன், நீ அந்தப் பெட்டியையே பார்க்கிறே?" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. கேட்பவன் முகம் தெரியாவிட்டால் யார்தான் மனம் விட்டுப் பேசுவார்கள்? அக்கா அவ்வளவு சொன்னதற்குக் காரணமே நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். திரையைக் கவனிக்காமல் விட்டதும் அதனால்தான்.

இப்போது ஆரம்பத்தில் சரிபார்க்கிறேன், பேசுபவர் தண்ணீர் குடிக்கும்போது ஒருமுறை பார்க்கிறேன். மற்ற நேரம் அவர் முகம்தான்.

வருகிற ஞாயிறு முத்தியால்பேட்டையில் ஒரு பெரியம்மாவைப் படம் பிடிக்கப் போகிறேன். வயது தொண்ணூற்றொன்று. சுவரில் இருக்கிற காலண்டரை மட்டும் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.