சாமைக்காரருக்கா சலுகை?

அரசு தனக்குச் சேர வேண்டிய வரியில் விட்டுக்கொடுப்பதே வரிச்சலுகை. விவசாயிகள் வரி கட்டாமலே காலம் தள்ளுகிறார்கள் என்ற வாதம் ஜவ்வாது மலையடிவாரத்துச் செங்கத்தில் எடுபடாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(1) பிரிவு வேளாண் வருமானத்துக்கு விலக்கு அளித்தது உண்மைதான். ஆனால் ஜவ்வாது மலையில் சாமை விதைப்பவரின் வருமானம் வரி வரம்பையே தொடாது. விலக்கை எடுத்துவிட்டாலும் அவர் கட்டப்போவது ஒன்றுமில்லை. அந்த விலக்கின் கனம் தெரிவது கோடிகளில் வேளாண் வருமானம் காட்டுபவர்களின் கணக்கில்தான். விதை நிறுவனங்களும் அதைக் கோரியதுண்டு.

பழங்குடிகளுக்கு வருமான வரி விலக்கு தந்த அதே சட்டத்தின் 10(26) பிரிவோ வடகிழக்கு, லடாக் பகுதிகளோடு நின்றுவிட்டது. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிகளுக்கு அது கிடையாது. அவர்கள் வீடு கட்ட வாங்கும் சிமென்ட் மூட்டைக்கு 2025 செப்டம்பர் வரை ஜிஎஸ்டி 28 சதவீதம், பிறகு 18. இதில் ஏழை, பணக்காரர் பேதமில்லை.

மறுபக்கம், 2019 செப்டம்பரில் மற்ற சலுகைகளைக் கைவிடும் நிறுவனங்களுக்கு அடிப்படை வரி 22 சதவீதமாக்கப்பட்டது. பெரிய நிறுவனங்கள் அதுவரை கட்டியது 30. அன்றைய அறிவிப்புகளால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று நிதியமைச்சரே சொன்னார். அது மட்டும் இலவசம் இல்லையா?