தொற்று போயாச்சு, தோல்?

மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் குறையும் வரை எதிரில் உள்ள டீக்கடையில் நின்று, பிறகு மெல்லப் போய் "அண்ணே, அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட்" என்று கேட்கும் பையன்கள் எல்லா ஊரிலும் உண்டு. எங்கே அரிப்பு என்று அவன் சொல்ல மாட்டான். கடைக்காரரும் கேட்க மாட்டார். ஒரு டியூப் கவருக்குள் போய்க் கைமாறும். வியாபாரம் முடிந்தது. பெண்கள் கதை இன்னும் மோசம். பலர் கடைப்பக்கமே போவதில்லை. தோழியிடம் மிச்சமிருக்கும் பாதி டியூப்தான் அவர்களுக்கு வைத்தியம்.

இத்தனை வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? பிறப்புறுப்பில் வரும் ஈஸ்ட் தொற்று பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சையின் வேலை. அது வெளியூரிலிருந்து வந்த எதிரி இல்லை. வாயிலும் குடலிலும் பெண்ணுறுப்பிலும் சும்மா குடியிருக்கும் ஜீவன். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால், கர்ப்பமானால், சர்க்கரை ஏறினால், ஈரத்துணி ஒட்டிக்கொண்டே இருந்தால் அது பெருகும். நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வரும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஆண்களுக்கும் முன்தோலின் அடியில் சிவந்து, வெள்ளையாகப் படிந்து வரும். ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பொதுவாக இதைப் பால்வினை நோய் கணக்கில் சேர்ப்பதும் இல்லை.

வைத்தியமும் பெரிய விஷயம் அல்ல. க்ளோட்ரிமசோல் மாதிரி ஒரு க்ரீம் ஒன்றிரண்டு வாரம். அல்லது டாக்டர் எழுதித் தந்தால் ஃப்ளூகோனசோல் 150 மி.கி. மாத்திரை ஒன்று (கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை பொதுவாகத் தருவதில்லை). பூஞ்சை அடங்கிவிடும்.

சிக்கல் ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான்.

அரிப்பு சில நாட்களில் நின்றுவிடும். ஆனால் தோல் சிவப்பாகவே இருக்கும். உரியும். தண்ணீர் பட்டால் எரியும். பூஞ்சை போன வேகத்தில் தோல் தேறாது. மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். மாநிறத்தவர்களுக்கும் கறுப்பானவர்களுக்கும் சிவப்பு போன பிறகு அந்த இடம் கருத்துப்போய் மாதக்கணக்கில் நிற்கும். இது வீக்கம் விட்டுச்சென்ற நிறம். நோய் இல்லை.

இதை யாரும் சொல்லாததால் அவன் என்ன நினைக்கிறான்? "இன்னும் போகலை போல." உடனே மூன்று தப்பு நடக்கிறது. முதலாவது, சோப்பும் டெட்டாலும் போட்டுத் தேய்ப்பது. தோலின் இயல்பு லேசான அமிலத்தன்மை. சாதாரண சோப்பு காரம். ஆறிக்கொண்டிருக்கும் புண்ணைத் தினமும் கிளறுவதற்குச் சமம். இரண்டாவது, அதே க்ரீமை மாதக்கணக்கில் பூசுவது. அந்த க்ரீமே எரிச்சலைக் கிளப்பலாம். மூன்றாவதுதான் ஆபத்து: "இன்னும் ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்கண்ணே."

அப்போது கைக்கு வருவது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த டியூப். பெட்டமெத்தசோன், குளோபெட்டசால் என்று பொடி எழுத்தில் ஒரு ஓரத்தில் இருக்கும். போட்ட இரண்டாம் நாளே சிவப்பு மாயமாகும், அரிப்பு நிற்கும். அற்புதம்! உண்மையில் அது தோலின் எதிர்ப்பைத்தான் தூங்க வைத்திருக்கிறது. பூஞ்சை மிச்சமிருந்தால் அதற்குக் கொண்டாட்டம். நிறுத்தியதும் எல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பும், அதனால் மறுபடியும் பூசுவார்கள். தொடை இடுக்கிலும் பிறப்புறுப்பிலும் தோல் மெல்லியது, மடிந்து மூடியே இருப்பது. மற்ற இடங்களை விட மருந்தை அதிகம் உறிஞ்சும். கடைசியில் தோல் காகிதமாக மெலிந்து, வரிவரியாகத் தழும்பு விழும். அந்த வரிகள் முழுசாகப் போவதே இல்லை. ஒரு வாரத் தொந்தரவுக்கு ஆயுள் முழுக்க வட்டி!

மத்திய அரசு 2018-ல் பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச்சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலில் சேர்த்தது. நல்ல சட்டம்தான். ஆனால் வாங்குபவன் சரக்கைப் பற்றிப் பேசவே கூச்சப்படும் சந்தையில், எதை விற்பது என்பதை விற்பவரே தீர்மானிப்பார். விலை கேட்கவோ, விவரம் கேட்கவோ, சரியில்லை என்று திரும்பி வந்து சண்டை போடவோ ஆள் இல்லை. கூச்சம்தான் இங்கே லாபம்.

"டாக்டர் ஃபீஸ் யார் கொடுப்பது?" என்று கேட்கலாம். நியாயம்தான். பல கிளினிக் போர்டில் "தோல் மற்றும் பால்வினை நோய் நிபுணர்" என்று இருப்பதைப் பார்த்தே பாதிப் பேர் படியேறுவதில்லை, அதுவும் நிஜம். ஆனால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, காசு கேட்பதில்லை. டியூப் டியூப்பாக வாங்குவதைக் கூட்டிப் பார்த்தால் எது செலவு என்று புரியும்.

தேறும் காலத்துக்குத் தேவை ரொம்பக் கொஞ்சம். வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுப்பது. வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாக ஒரு பூச்சு (ஆனால் அது ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும், கவனம்). தளர்வான பருத்தி உள்ளாடை. அதையும் நன்றாகக் காய வைத்துப் போடுவது. லேடீஸ் ஹாஸ்டல் கொடிகளில் உள்ளாடைகள் துண்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டு அரைகுறையாகக் காய்வது ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். வெயில் எல்லாத் துணிக்கும் பொதுதானே?

இரண்டு வாரத்தில் அரிப்பு குறையாவிட்டால், புண்ணோ கொப்புளமோ நாற்றமோ இருந்தால், கர்ப்பமாக இருந்தால், டாக்டரிடம் போயே ஆக வேண்டும். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையும் பார்க்க வேண்டும். இளவயதுதானே என்ற சமாதானம் வேண்டாம். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடும் அப்பா அம்மாவுக்கும் இது வரலாம். அந்த மருந்து சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும், பூஞ்சைக்கு அது விருந்து. அவர்கள் பிள்ளைகளிடம் சொல்ல மாட்டார்கள், பிள்ளைகள்தான் கேட்க வேண்டும்.

டியூப்பைக் கொடுக்கும்போது கடைக்காரர் ஒரே ஒரு வரி சேர்த்துச் சொன்னால் போதும்: "அரிப்பு சீக்கிரம் போயிடும் தம்பி, தோல் தேற ஒரு மாசம் ஆகும், பயப்படாதே." இந்த ஒரு வரி தெரியாமல் எத்தனை பேர் தோலைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்... தெரிந்தவர்கள் பக்கத்து ரூம்காரனுக்காவது சொல்லுங்களேன்!