சுவடு வைக்காத மனோபலம்

குமரி மாவட்டத்துத் தற்காப்புக் கலையான அடிமுறையின் உச்சம், பார்வையாலேயே ஆளைச் சாய்க்கும் நோக்கு வர்மம்தான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சுவடு என்கிற கால்வைப்பும் அடியும் தடையும் ஆரம்பநிலைக்காரர்களுக்கு உரியவையாம். மனம் ஒருமுகப்பட்டவன் கை நீட்டாமலே எதிராளியைச் சாய்ப்பான். சீனத்து உள்முகப் போர்க்கலைகள் சொல்வதும் இதையேதான். அங்கே இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் போதிதர்மர். இவ்வளவையும் சொல்லிவிட்டு, மூன்று நாள் முகாமில் பிள்ளைகளுக்கு இதன் அடிப்படையைக் கற்றுத்தர முடியும் என்று முடிக்கிறார் கட்டுரையாளர். குமரி மாவட்டத்துக் கலையைப் புகழ்வதாக எண்ணிக்கொண்டு அதன் அஸ்திவாரத்தையே பெயர்க்கிறார். கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் இன்றைக்கும் அந்தியில் களரியைக் கூட்டிப் பெருக்கி, கச்சை கட்டி, பையன்களுக்குச் சுவடு சொல்லிக்கொடுக்கிற ஆசான்களுக்கு இது அவமானம்.

சீனாவைச் சாட்சிக்கு அழைத்தவர் அவர். எனவே அங்கிருந்தே தொடங்கலாம். ஷிங்யி மரபில் ஆறு இசைவுகள் என்றொரு பாடம் உண்டு. மனத்தோடு எண்ணம் இசைய வேண்டும், எண்ணத்தோடு ‘சி’ என்கிற உயிர்மூச்சு இசைய வேண்டும், ‘சி’யோடு விசை இசைய வேண்டும். கட்டுரையாளர் இந்த மூன்றையும் எடுத்துக்காட்டி, எல்லாம் மனமே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மீதி மூன்று எங்கே? தோளோடு இடுப்பு, முழங்கையோடு முழங்கால், கையோடு பாதம். உடம்பு சார்ந்த இந்தப் பாதியை அவர் வாசகரிடம் காட்டவே இல்லை. தெரியாமல் விட்டிருந்தால் சீனக் கலை பற்றி எழுத அவருக்குத் தகுதியில்லை. தெரிந்தே விட்டிருந்தால் அது புரட்டு.

தைச்சி விஷயத்திலும் இதே வேலைதான். எண்ணத்தைப் பயன்படுத்து, முரட்டு பலத்தைப் பயன்படுத்தாதே என்ற யாங் செங்ஃபுவின் விதியைத் தன் வாதத்துக்குத் தூணாக நிறுத்துகிறார். யாங் செங்ஃபு சொல்லி அவருடைய சீடர் சென் வெய்மிங் எழுதிவைத்த விதிகள் பத்து. இது அவற்றில் ஆறாவது. முந்தைய ஐந்தும் எதைப் பற்றி? தலையை நிமிர்த்துவது, மார்பைத் தளர்த்துவது, இடுப்பை நெகிழ்த்துவது, எந்தக் காலில் பாரம் என்பதைப் பிரித்தறிவது, தோளையும் முழங்கையையும் தாழ்த்துவது. உடம்பு இந்த ஐந்தில் தேறிய பிறகுதான் எண்ணத்தைப் பற்றிய பேச்சே வருகிறது. எண்ணத்தின் பெயரையே தன் கலைக்கு வைத்த வாங் ஷியாங்ஜாய் வகுத்த யிச்சுவானில் மனப்பாட வரிசைகள் கிடையாது. ஆனால் மரம்போல் அசையாமல் வெகுநேரம் நிற்க வேண்டும். தொடை நடுங்கும், தோள் எரியும், வியர்வை கண்ணில் இறங்கும். அதற்கு மேல் விசையைச் சோதித்துப் பார்க்கும் பயிற்சி, ஆளோடு ஆள் மோதும் பயிற்சி. ஒருவரையும் அவர் பார்வைக்கு மட்டும் பழக்கவில்லை.

போதிதர்மர் கதைக்கு அதிகம் செலவிட வேண்டாம். அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. அடுத்துவந்த குறிப்பு தென்னிந்தியர் என்கிறது. இரண்டிலும் போர்க்கலை இல்லை. அவர் பெயரில் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூலான யிச்சின்ஜிங் 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது. இந்தக் கட்டுக்கதையைச் சீன ஆய்வாளர் தாங் ஹாவ் 1930லேயே ஆதாரங்களோடு உடைத்துப் போட்டுவிட்டார். 2011இல் வந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படம் நம்மூரில் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. சினிமாக்காரர்கள் கதை சொன்னார்கள், அது அவர்கள் தொழில். அந்தக் கதையை வரலாறு என்று எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

இனி விஷயத்தின் கருவுக்கு வருகிறேன். நோக்கு வர்மத்தை ஏன் எங்கும் நிரூபித்துக் காட்டவில்லை என்ற கேள்விக்கு, நம்பிக்கையில்லாதவன் மேல் அது பலிக்காது என்று பதில் சொல்கிறார். கட்டுரை முழுவதிலும் அவர் தன்னையறியாமல் சொன்ன ஒரே உண்மை இது. சீடன் விழுவான், ஏனென்றால் விழ வேண்டும் என்று அவன் நம்புகிறான். எதிரி நம்பமாட்டான். நம்பாதவனிடம் செல்லாத ஆயுதம் சண்டையில் எதற்கு?

ஜப்பானில் யானகி ரியூகென் என்ற ஆசிரியர் கை அசைவாலேயே தன் மாணவர்களைக் கூட்டம் கூட்டமாக விழவைத்தார். 2006இல் வெளியாள் ஒருவரோடு மேடையேறினார். அந்தச் சண்டைக்காரர் இவருடைய சக்தியை நம்பாதவர். முகத்தில் குத்து வாங்கிய முதியவரைச் சிறிது நேரத்திலேயே மேடையிலிருந்து இறக்க வேண்டியதாயிற்று. அவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை ஆண்டுகளாக அவர் முன்னால் விழுந்து விழுந்து, அவரையே அதை நம்பவைத்த மாணவர்கள் மேல்தான் கோபம் வந்தது. 1900இல் வட சீனாவின் விவசாயப் பிள்ளைகள் தெய்வம் தங்கள்மேல் இறங்கிவிட்டது, இனித் துப்பாக்கிக் குண்டு துளைக்காது என்று நம்பி அந்நியப் படைகளின் முன்னால் போய் நின்றார்கள். யிஹெதுவான் எழுச்சி என்று அதைச் சரித்திரம் குறிக்கிறது. அவர்கள் வீரத்தில் குறையில்லை, மனோபலத்திலும் குறையில்லை. குண்டு துளைத்தது. அவர்களுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்தவர்களின் வரிசையில்தான் நம் கட்டுரையாளர் போய் நிற்கிறார்.

அப்படியானால் மனத்துக்கு இந்தக் கலையில் வேலையே இல்லையா? இருக்கிறது, அதுவும் பெரிய வேலை. அதை அவர் கண்டதே இல்லை என்பதுதான் என் ஆத்திரம்.

ஒற்றைச்சுவடு பழகும் பையனைப் பாருங்கள். கால் சரியாகப் போகிறது, கை சரியாகப் போகிறது, பார்வை தரையில் கிடக்கிறது. ஆசான் குறுவடியின் நுனியால் அவன் தாடையை நிமிர்த்துவார். “கண்ணு எங்க கெடக்கு மக்கா? கண்ணு முந்திப் போவணும், காலு அதுக்க பொறத்தால வரணும்.” பையன் திரும்பச் செய்கிறான். இந்த முறை பார்வை எதிரே இல்லாத எதிராளியின் நெஞ்சுக்குழியில் நிற்கிறது. அவன் அறியாமலே இடுப்பு அந்தத் திசைக்குத் திரும்புகிறது, குதிகால் ஊன்றுகிறது, மூச்சு அடியோடு சேர்ந்து வெளியேறுகிறது. ஒரு நொடிக்கு முன் தனித்தனியாகக் கிடந்த கை, கால், மூச்சு மூன்றையும் ஒன்றாகக் கோத்தது அவன் குறிதான். அடிமுறையில் மனத்தின் இடம் இது. சீனர் ஆறு இசைவுகள் என்று சொன்னதும் இதைத்தான். இந்தக் குறி தானாக வராது. ஆயிரம் முறை வைத்த சுவட்டின் மேல்தான் அது வந்து உட்காரும்.

அறிவியலும் இதற்கு எதிரில்லை. 1992இல் யூ, கோல் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுண்டுவிரலை அசைக்காமல், அழுத்துவதாக மனத்தில் மட்டும் நினைத்துப் பழகியவர்களின் விரல்பலம் 22 சதவீதம் கூடியிருந்தது. உண்மையாகவே அழுத்திப் பழகியவர்களுக்கு 30 சதவீதம். எண்ணம் நரம்பை எவ்வளவு தூரம் பழக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். ஆனால் அவர்கள் நினைத்ததால் பலம் கூடியது அவரவர் விரலுக்கு. எதிரே இருந்தவன் விரலில் ஒன்றும் நடக்கவில்லை. இந்த ஓர் எல்லைக்கோட்டைத்தான் கட்டுரையாளர் அழித்துவிட்டு எழுதுகிறார்.

வர்மம் என்கிற உயிர்நிலைகளைப் பற்றிய ஏடுகளில் நோக்கு வர்மம் என்ற பெயர் இருக்கிறதே என்பார். இருக்கிறது. அந்தப் பெயரைத் தாண்டி ஏடுகள் எதைப் பேசுகின்றன என்று பாருங்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று கணக்கு. ஒவ்வொன்றுக்கும் உடம்பில் இடம், அடிபட்டவனிடம் தெரியும் குணம், எத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும் என்ற கெடு, இளக்கும் முறை, பிறகு கொடுக்க வேண்டிய கஷாயம், தடவ வேண்டிய எண்ணெய். விசைக்குத் தனி அளவே உண்டு: கால் மாத்திரை, அரை மாத்திரை, முக்கால் மாத்திரை, முழு மாத்திரை. பார்வையால் ஆள் சாய்வான் என்றால் விரலின் அழுத்தத்தை இத்தனை நுட்பமாக அளந்துவைத்தது எதற்காக? பனையேறி விழுந்து நினைவு தப்பியவனைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஆசான் எட்ட நின்று உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நாடி பிடிக்கிறார், அடங்கல் என்கிற இளக்குமிடத்தைத் தட்டுகிறார், சுக்கை மென்று காதில் ஊதுகிறார். அப்போது அவருடைய மனம் முழுவதும் விரல்நுனியில் இருக்கிறது. அரை மாத்திரை முழு மாத்திரையாகிவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று அவருக்குத் தெரியும். அந்தக் கவனத்தை விடவும் உயர்ந்த மனோபலம் எனக்குத் தெரிந்து இல்லை.

சரித்திரத்திலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் டி லனாய் கல்லறை இருக்கிறது. 1741இல் குளச்சலில் தோற்றுச் சரணடைந்த டச்சுப் படையைச் சேர்ந்தவர் அவர். அவரைத்தான் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா தன் படைக்குப் பயிற்சி கொடுக்க அமர்த்தினார். பீரங்கி வார்த்தார்கள், கோட்டையைப் பலப்படுத்தினார்கள், பிற்பாடு வலிய கப்பித்தான் என்ற பதவி வரை அவர் உயர்ந்தார். களரிகள் நிறைந்த நாட்டை ஆண்ட ராஜா, சண்டையில் எது செல்லும் எது செல்லாது என்பதைக் கண்ணால் கண்டு முடிவெடுத்தார். பார்வையால் படைகளைச் சாய்க்கும் ஆசான்கள் அவர் கைவசம் இருந்திருந்தால், தோற்கடித்த அந்நியனிடம் அவர் பாடம் கேட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

மூன்று நாள் முகாம் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. குமரி ஆசான்கள் சீடனின் கோபத்தையும் நிதானத்தையும் வருடக்கணக்கில் பார்த்த பிறகே ஒரு வர்மத்தின் இடத்தைக் காட்டுவார்கள். சிலருக்குக் கடைசிவரை காட்டாமலே விடுவதும் உண்டு. பணம் கட்டி மூன்று நாள் கண்ணை விரித்துப் பழகிய பன்னிரண்டு வயதுப் பையன், தன்னிடம் சக்தி இருக்கிறது என்று நம்பி நாளைக்குக் கத்தி பிடித்தவன் முன்னால் போய் நின்றால் யார் பதில் சொல்வது? கட்டுரையாளர் அந்த முகாமை நடத்தித்தான் தீருவேன் என்றால், அதன் அறிவிப்பிலிருந்து அடிமுறை என்ற பெயரையும் வர்மம் என்ற பெயரையும் எடுத்துவிடட்டும். அந்தப் பெயர்கள் அவருக்குச் சொந்தமானவை அல்ல.