மறுக்கப்பட்ட ஜெபம்



1859 நவம்பர் 2 அன்று, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துச் சார்லஸ்டவுன் நீதிமன்றத்தில், ஜான் பிரவுன் என்னும் 59 வயது மனிதருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அடிமைகளை விடுவிக்கும்படி 21 பேரோடு ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றியதற்காகவே இத்தண்டனை. அத்தாக்குதலில் அவருடைய குமாரர் இருவர் மாண்டனர்.

தண்டனை அறிவிக்கப்படுமுன் பேசிய அவர், அங்கே முத்தமிடப்பட்ட வேதாகமத்தைக் குறிப்பிட்டார். கட்டுண்டவர்களை நினைக்கையில் தம்மையும் அவர்களோடு கட்டுண்டவராகவே எண்ணும்படி அது தமக்குக் கற்பித்தது என்றார் (எபிரெயர் 13:3). செல்வந்தருக்காக இதைச் செய்திருந்தால் வெகுமதியே கிடைத்திருக்கும் என்றும் கூறினார்.

சிறையில், அடிமைத்தனத்தை ஆதரித்த போதகர்களின் ஜெபத்தை அவர் ஏற்க மறுத்தார். அவர்களுக்குப் பதிலாக, அடிமைப் பிள்ளைகளும் அவர்களுடைய தாயும் தூக்குமேடைக்குத் தம்மோடு வருவதையே விரும்புவதாகக் கடிதம் எழுதினார். டிசம்பர் 2 அன்று தூக்கிலிடப்பட்டார்.

அவரை இரத்தசாட்சி என்போர் உண்டு. அப்பெயரைச் சூட்ட எனக்கு மனமில்லை. 1856இல் கன்சாஸின் பொட்டவாட்டமி ஓடையருகே, அவருடைய தலைமையில் சென்றவர்கள் ஐந்து பேரை இரவில் வீடுகளிலிருந்து இழுத்துச் சென்று கொன்றார்கள். ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் முதலில் பலியானவர், அடிமையல்லாத கறுப்பின ரயில்வே ஊழியரான ஹேவர்ட் ஷெப்பர்ட். பேதுருவின் பட்டயத்தை உறையிலே போடச் சொன்னவர் நம் ஆண்டவர். மரணத்துக்கு அஞ்சாத நெஞ்சுறுதி, கையில் படிந்த இரத்தத்தைக் கழுவிவிடாது.

ஆயினும் இதைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. அந்தப் போதகர்களின் வேதாகமத்திலும் இதே வசனம் இருந்தது. அவர்கள் பட்டயம் ஏந்தவில்லை. ஆனால் மனிதரை விற்று வாங்கும் முறைமைக்கு வேதத்தின் பெயரால் நியாயம் கற்பித்தார்கள். பிரவுன் வசனத்தை நிறைவேற்றிய வழியில் தவறினார். அவர்களோ வசனத்தையே விட்டு விலகினார்கள். இரண்டாவது பாவம் அமைதியானது. ஆதலால் சபைக்குள் எளிதாகக் குடியிருக்கும்.

மரணத்தை எதிர்நோக்கும் ஒருவர் போதகரின் ஜெபம் வேண்டாம் என்பது, என் ஊழியத்தில் நான் மிகவும் அஞ்சும் காரியம். ஒடுக்கப்பட்டவர் சார்பில் நாம் திறவாத வாய், அவருக்காக ஜெபிக்க மட்டும் திறந்தால் அவர் அதை எப்படி நம்புவார்? இவ்வாரம் முழங்காலில் நிற்கும்போது, நாம் நினையாமல் விட்ட கட்டுண்டவர் யாரென்று கர்த்தரிடம் கேட்போம். அவர் காட்டுகிறவரிடத்திற்கு எழுந்து செல்வோம். ஆமென்.